குதிகாலில் ஒன்பது தையல்

சங்கரன்கோவில்
8-7-1980

வள்ளித்தாய்க்கு,

உன் அக்கா முத்துமாரி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் நீ அனுப்புகிற வாழ்த்து அட்டையின் பின்னால் இருந்த விலாசத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். ஐந்து அட்டை வந்தது. ஒன்றுக்கும் நான் பதில் போட்டதில்லை. நாக்பூர் ஆஸ்பத்திரியில்தான் இன்னும் நர்ஸாக இருக்கிறாயா, வேறு ஊருக்குப் போய்விட்டாயா என்பதும் தெரியாது.

இசக்கிக்குக் காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அந்த இளம்பிள்ளைவாதக் காய்ச்சலில் விழுந்த இடது கால்தான். குதிகால் தரையில் படாமல் விரலை ஊன்றியே நடந்துகொண்டிருந்தாள். இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்த பிறகு, கடைசியாக இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பின்னங்காலில் நரம்பு சுருங்கிக் கிடக்கிறது, அதை நீட்டித் தைத்தால் குதிகால் தரையில் படும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். இரண்டாம் தேதி ஆபரேஷன். நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் மட்டும் மாவுக்கட்டு. பின்னால் துணிக்கட்டு. அதற்குள் குதிகாலுக்கு மேலே ஒன்பது தையல். 25-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்குப் பிரிப்பார்களாம். அதுவரைக்கும் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். உள்ளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வெள்ளை உடுப்பைக் கண்டதும் காலை அந்த உதறு உதறுகிறாள். உதறினால் உள்ளே தைத்தது விட்டுப்போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் நானேதான் வீட்டில் மாற்ற வேண்டியிருக்கிறது.

கிளம்பும்போது கட்டுப் போடுகிறவர் ஒருமுறை செய்து காட்டினார். இப்படி அவிழ்க்கணும், இப்படித் துடைக்கணும் என்றார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் வீடு வந்து சேருவதற்குள் பாதி மறந்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளவாவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. இன்று காலையில் அவிழ்த்தேன். கறுப்பு நூலும், நூலுக்கு நூல் உப்பிய சதையும் கண்ணில் பட்டதும் தொடப் பயந்துவிட்டேன். ஒன்றும் செய்யாமல் பழையபடி கட்டி வைத்துவிட்டேன். அவள் அப்பாவுக்கு ஜவுளிக்கடையில் ஆடி விற்பனைக்கான வேலை தொடங்கிவிட்டது. அவர் இருந்தாலும் ரத்தத்தைக் கண்டால் அவரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

என்ன தண்ணீரில் துடைக்க வேண்டும்? தையலைத் தொடலாமா? துணி ஒட்டிக்கொண்டால் என்ன செய்ய? எழுது.

அன்றைக்கு நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். பத்து மாசப் பிள்ளைக்குக் கால் விழுந்த அன்று, லீவில் வந்திருந்த உன் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்து, “நீ ஆஸ்பத்திரில இருந்து கையோட கொண்டாந்த சீக்குதாம்ட்டி இது” என்றேன். அதைப் பற்றி இப்போது எனக்கு எழுத வரவில்லை. பிள்ளை காலுக்கு மட்டும் பதில் போடு.

முத்துமாரி

-

நாக்பூர்
11-7-1980

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று பகலில் கிடைத்தது. டூட்டி முடிந்ததும் அறைக்குக்கூடப் போகாமல் வார்டு மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நான் இங்கேதான் இருக்கிறேன். இப்போது குழந்தைகள் வார்டு.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கத்தரிக்கோலையும் அதற்குள் போட்டு, கொதி வந்த பிறகு பத்து நிமிஷம் கொதிக்கவிடு. மூடியபடியே ஆறட்டும். முழங்கை வரை சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவு. கழுவிய கையைச் சேலையில் துடைக்காதே, அப்படியே உலரவிடு. அவர்கள் கொடுத்த துணியை அந்தத் தண்ணீரில் நனைத்து, மேலேயிருந்து கீழே ஒரே இழுப்பாகத் துடை. துடைத்த துணியால் மறுபடி துடைக்காதே, தூரப் போடு. ஸ்பிரிட் கொடுத்திருந்தால் சுற்றிலும் தடவு, தையல்மேல் ஊற்றாதே. கட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காதே. ஆறிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திரு. அது தானாக விடும். பிள்ளை அழுதால் அழட்டும், நீ அவசரப்படாதே. உன்னிடம் எனக்குப் பயமே அதுதான்.

காலைத் தலையணைமேல் உயர்த்தி வை. நகத்தை ஒட்ட வெட்டிவிடு. ஆறும்போது அரிக்கும். அவளைச் சொறியவிடாதே. காய்ச்சல் வந்தாலோ, சீழ் வந்தாலோ, வாடை அடித்தாலோ, கால்விரல் நீலம் பூத்தாலோ எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே பஸ் ஏறு.

அடுத்ததையும் எழுதிவிடுகிறேன். நம் வீட்டை எனக்குத் தெரியும். மஞ்சள் வேண்டாம். எண்ணெய் வேண்டாம். கோவில் புற்றுமண் வேண்டவே வேண்டாம். சொறி சிரங்குக்கு நீ அதைப் பூசினால் நான் கேட்கப்போவதில்லை. தைத்த புண் வேறு. நூல் போன ஒவ்வொரு ஓட்டையும் உள்ளே போகிற ஒரு வாசல். நீ அதில் மண்ணை வைத்தால், இனி எனக்கு எழுத வேண்டாம். நிஜமாகத்தான் சொல்லுகிறேன்.

பெட்டியைப் பற்றி நீயும் எழுத வேண்டாம், நானும் எழுதவில்லை. ஒன்று மட்டும். அந்த வருஷம் நம் தெருவில் மூன்று பிள்ளைகளுக்குக் கால் விழுந்தது. மற்ற இரண்டு வீட்டுக்கும் நான் போகவில்லை.

வள்ளி

-

சங்கரன்கோவில்
15-7-1980

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. மூன்று முறை படித்துவிட்டேன். நேரில் நின்று அதட்டுவதுபோலவே இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் எனக்கே பாடம் நடத்துவாயே, அந்தப் புத்தி உனக்கு இன்னும் போகவில்லை.

நீ சொன்னபடியே தண்ணீர் கொதிக்க வைத்தேன். நகம் வெட்டினேன். கட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டேன், தானாக விட்டுவிட்டது. அவள் அழவில்லை. என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “எம்மா, மெல்ல, மெல்ல” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புற்றுமண் என்று ஏன் எழுதினாய்? நான் அவ்வளவு விவரம் கெட்டவளா? நீ எழுதிய எதையும் நான் வைக்கவில்லை. வெறும் துணிதான்.

ஒன்று கேட்க வேண்டும். மேலேயிருந்து நாலாவது தையலைச் சுற்றிச் சிவப்பாக இருக்கிறது. கொஞ்சம் நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை. வாடை ஒன்றும் இல்லை. இது ஆறுகிற சிவப்பா, வேறு சிவப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஷரீபா பீவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பிள்ளை தலையைத் தடவிவிட்டு, “எனக்குப் பாக்கத் தெரியலியே மாரி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொன்று. 25-ஆம் தேதிக்கு மறுநாள்தான் நம் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா. அந்த வாரம் கடையில் அவருக்கு ஒரு நாள்கூட லீவு விடமாட்டார்கள். நான் ஒருத்தி பிள்ளையையும் மாவுக்கட்டையும் தூக்கிக்கொண்டு தபசுக்கு வருகிற கூட்டத்துக்குள் எப்படிப் பஸ் ஏறி இறங்குவேன்? எலும்பு டாக்டர் வெள்ளிக்கிழமைதான் பார்ப்பார். அதற்கடுத்த வெள்ளி, ஆகஸ்டு ஒன்றாம் தேதி போனால் ஆகாதா? நீ சரி என்றால் எனக்கு நிம்மதி. உன் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

உன் அக்கா
முத்துமாரி

-

நாக்பூர்
18-7-1980

அன்புள்ள அக்கா,

மேலே அன்புள்ள என்று நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மன்னித்துவிடு. போன கடிதத்தில் புற்றுமண் என்று எழுதியதற்கு. இங்கே நாள் முழுக்க ஒவ்வொரு தாயும் ஒவ்வொன்றை அப்பிக்கொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து, சொந்த அக்காவையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டேன். நீ அவ்வளவு பொறுமையாகக் கட்டை நனைத்தாய் என்று படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் ஜூனியர் பிள்ளைகளுக்கே அந்தப் பொறுமை கிடையாது.

இப்போது நாலாவது தையல். புண்ணில் எதுவும் படவில்லை, காய்ச்சல் இல்லை, வாடை இல்லை என்று நீ எழுதியிருப்பதை வைத்துச் சொல்லுகிறேன். நூலே சில பிள்ளைகளின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நூலைச் சுற்றிச் சிவக்கும், கொஞ்சம் கசியும். நூலை எடுத்ததும் வாடிவிடும். பயப்படாதே. தினமும் ஒருமுறை பார்த்துக்கொள். சிவப்பு பெரிதாகாமல் இருந்தால் போதும்.

தேதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். தபசுக் கூட்டத்தில் அவள் காலை யாராவது இடித்துவிடுவார்களோ என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. புண் காய்ந்திருந்தால் தையல் ஒரு வாரம் கூடுதலாக இருப்பதில் குற்றமில்லை. ஒன்றாம் தேதியே போ.

இசக்கியிடம் சித்தி ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறாயா? சொல்லாவிட்டால் இப்போது சொல். ஒரு மாசத்தில் உன்னிடமிருந்து இரண்டு கடிதம். நீ எனக்கு எழுதிக்கொண்டே இரு அக்கா, புண் ஆறின பிறகும்.

வள்ளி

-

திருநெல்வேலி, ஆஸ்பத்திரி
30-7-1980

வள்ளி,

இசக்கி உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றதைப் படி.

நான் மண் வைத்தேன்.

உன் முதல் கடிதம் வருவதற்கு முன்னாலேயே வைத்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி விடியலிலிருந்து, “அரிக்கிம்மா, அரிக்கிம்மா” என்று பிள்ளை கட்டைப் பிய்க்கிறாள். உன்னிடமிருந்து பதில் இல்லை. நாக்பூர் எங்கே இருக்கிறது, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. எனக்கு ஏழு வயசில் உடம்பெல்லாம் சிரங்கு வந்து அம்மா கோமதியம்மன் சன்னிதியிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து பூசினாளே, அது ஆறியதே. இந்த ஊரில் பிறந்தவளுக்கு அரிப்பு என்றால் கை வேறு எதற்குப் போகும்? கோவிலுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். தண்ணீரில் குழைத்து மெல்லிசாகத்தான் தடவினேன். குளிர்ச்சியாக இருந்ததோ என்னவோ, பிள்ளை அரிப்பு மறந்து தூங்கிவிட்டாள். அது தூங்கினதைப் பார்த்து மறுநாளும் தடவினேன். அதற்கு மறுநாளும்.

பதினைந்தாம் தேதி உன் கடிதம் வந்தது. அந்த வரியைப் படித்ததும் ஓடிப்போய்க் கொதித்த தண்ணீரில் கழுவினேன். மேலே இருந்தது போய்விட்டது. நூல் ஓட்டைக்குள் போனதை என்ன செய்ய? பிறகு உட்கார்ந்து உனக்குப் பொய் எழுதினேன். மண்ணை வைத்தால் இனி எழுத வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்லி, நீயும் எழுதாமல் விட்டால், நான் யாரிடம் கேட்பேன்? அன்றைக்கே வாடையும் இருந்தது வள்ளி. மண் வாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு இல்லை என்று எழுதினேன்.

உன் பதில் இருபத்திரண்டாம் தேதி வந்தது. பயப்படாதே என்று எழுதியிருந்ததை அவரிடம் சத்தம்போட்டுப் படித்துக் காட்டினேன். “வள்ளியே பயமில்லங்கா, பெறகு நீ எதுக்குக் கெடந்து துடிக்க? தபசு முடியட்டும், போவலாம்” என்றார். எனக்கும் அதைத்தான் காதால் கேட்க வேண்டியிருந்தது. நீ எதை நம்பி அப்படி எழுதினாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை போகவில்லை.

சனிக்கிழமை தபசு. மத்தியானம் பிள்ளை உடம்பு கொதிக்கிறது. கட்டை அவிழ்த்தால் குதிகால் முழுக்கப் பளபளவென்று வீங்கி, நாலாவது தையலிலிருந்து சீழ் வழிகிறது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோ என்றார்கள். அவரைக் கடையிலிருந்து கூட்டி வர ஷரீபா பீவி போனாள். அவள் வீட்டுக்காரர் முகம்மது ஹுசைன் வாழைக்காய் ஏற்றுகிற வேன் வைத்திருக்கிறார். அதுவும் ஊருக்கு வெளியே நின்றது. ரத வீதிக்குள் எந்த வண்டியும் வரக்கூடாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் தெற்கு ரத வீதியைத் தாண்டியாக வேண்டும்.

தாண்ட முடியவில்லை. சுவாமி அம்மனுக்குக் காட்சி கொடுக்கிற நேரம். நெருக்கின கூட்டத்துக்குள் வழி விடுங்கள், வழி விடுங்கள் என்று கத்துகிறேன். வழி விட்டார்கள். கட்டுப் போட்ட காலோடு பிள்ளையைத் தூக்கி வருகிறாளே, வேண்டுதலுக்குத்தான் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் போக வேண்டிய பக்கத்துக்கு விடவில்லை, அம்மன் இருக்கிற பக்கத்துக்கு விட்டார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் என் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். ஒரு கிழவர் அழுதுகொண்டே, “கொண்டு போயி அவ காலடில காட்டு தாயி, நடந்துருவா” என்றார். அத்தனை பேரும் நல்லவர்கள். அவர்களிடம் எப்படிச் சொல்ல? சுற்று ஊர் வெள்ளாமைக்காரர்கள் வேண்டுதலுக்காகப் பருத்தியையும் மிளகாய் வத்தலையும் கூட்டத்துக்கு மேலே அள்ளிச் சூறை விட்டார்கள். பிள்ளை முகத்தில் வத்தல் விழுந்து கண் எரிந்து அலறுகிறாள். அம்மனுக்கு நேரே போய் நின்றேன். கும்பிடக் கை இல்லை, இரண்டு கையிலும் பிள்ளை. திரும்பி வெளியே வருவதற்கு இரண்டரை மணி நேரம் ஆனது. வேன் பனவடலிசத்திரம் தாண்டும்போது அவள் அலறுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஒன்பது தையலையும் வெட்டிவிட்டார்கள். உள்ளே நீட்டித் தைத்த நரம்பில் பாதி அழுகியிருந்ததாம், சுரண்டி எடுத்தார்கள். காய்ச்சல் நேற்றிலிருந்து குறைகிறது. என்ன வைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை இப்போது எழுத என்னால் முடியாது.

எழுத வேண்டாம் என்றுதானே சொல்லியிருந்தாய். நான் எழுதிவிட்டேன். நீ எழுதாவிட்டாலும் சரி.

முத்துமாரி

-

நாக்பூர்
3-8-1980

அக்கா,

இது வருவதற்கு முன்னால் என் தந்தி வந்திருக்க வேண்டும். மண் பட்டது என்று டாக்டரிடம் நீ சொல்லவில்லை என்பது உன் கடிதத்தின் கடைசியைப் படித்ததும் புரிந்துவிட்டது. ஒருவேளை தந்தி வராமல் போயிருந்தால், இதைப் படித்து முடிக்காதே. எழுந்து போய்ச் சொல். மண் பட்ட புண்ணுக்கு, டெட்டனஸ் வராமல் தடுக்க, தனி ஊசி இருக்கிறது. வாய் திறக்க முடியவில்லை என்றாளா? தாடை இறுகுகிறதா? கழுத்து வளைகிறதா? பார். இதை நான் இங்கேயிருந்து கேட்டு, நீ அங்கேயிருந்து பதில் எழுதி, அது என் கையில் கிடைப்பதற்குள் எட்டு நாள் ஆகிவிடும். அந்த எட்டு நாளை நான் என்ன செய்ய?

மேட்ரனிடம் போய் நின்றேன். அக்கா பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு கிடையாது, அப்பா அம்மாவாக இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அப்பா அம்மா இல்லை என்றேன். அக்டோபரில் தருகிறேன் என்றார்கள். திரும்பி வார்டுக்கு வந்தேன். முப்பத்தாறு கட்டில். முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் கட்டு மாற்றினேன். ஒன்பதாவது கட்டிலில் ஒரு பெண், இசக்கி வயசுதான் இருக்கும், நான் தொடுவதற்கு முன்னாலேயே காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன். அவளுக்குச் செய்ய இந்தக் கை இருக்கிறது. நம் இசக்கிக்கு இல்லை.

நீ பொய் எழுதினாய் என்று எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைப் பொய் எழுத வைத்தது என் கடிதம்தான். எத்தனையோ தாய்மார்களிடம், “பரவாயில்லம்மா, வச்சத எங்கிட்ட மட்டும் சொல்லுங்க” என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டால்தான் சொல்லுவார்கள் என்பது எனக்குத் தொழிலில் முதலில் தெரிந்த விஷயம். உன்னிடம் மட்டும் மிரட்டினேன். ஐந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தைப் பிள்ளையின் கட்டுக்குள் வைத்து அனுப்பிவிட்டேன். அடுத்த கடிதத்தில் நீ அன்புள்ள என்று எழுதினதும் மயங்கிப்போய், பார்க்காத புண்ணுக்குப் பயப்படாதே என்று எழுதினேன். கசிகிறது என்று ஒரு ஜூனியர் வந்து சொன்னால், இன்றைக்கே டாக்டரிடம் காட்டு என்பேன். உன்னை ஒரு வாரம் தள்ளிப் போகச் சொன்னேன்.

என்ன வேண்டுமானாலும் எழுது. டாக்டரிடம் என்ன சொன்னாய் என்பதையும் எழுது. நான் எழுதாமல் இருக்க மாட்டேன்.

வள்ளி

-

சங்கரன்கோவில்
24-8-1980

அன்புள்ள வள்ளி,

உன் தந்தி மூன்றாம் தேதி சாயங்காலமே வந்துவிட்டது. கடையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். அன்றே டாக்டரிடம் சொன்னேன். ஊசி போட்டார்கள். தாடை இறுகவில்லை. அந்தப் பயம் தாண்டிவிட்டது என்று போன வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் திட்டவில்லை. மண்ணாக இருக்கலாம், துணியாக இருக்கலாம், எது என்று இனிமேல் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னார். மண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தைத்த இடத்தில் கொண்டுபோய் வை என்று எந்தச் சாமி என்னிடம் சொன்னது?

புண் அடியிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டு வருகிறது. இப்போது தையல் கிடையாது, திறந்த புண். தினமும் நான்தான் கட்டு மாற்றுகிறேன். இப்போது தொடப் பயமில்லை. நரம்பு தோலோடு ஒட்டிக்கொண்டதாம். குதிகால் இனி தரையில் படாது, முன்னால் இருந்ததைவிட ஒரு விரல்கடை உயர்ந்துதான் நிற்கும். இரண்டு வருஷம் போகட்டும், தோல் தாங்கினால் மறுபடி பார்க்கலாம் என்றார். தாங்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

நீ கேட்டதை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு டாக்டர், என்ன வைத்தீர்கள் என்று கேட்டபோது, ஒன்றும் வைக்கவில்லை, பிள்ளை சொறிந்துவிட்டாள் என்று சொன்னேன். பிள்ளை மேஜைமேல் படுத்திருந்தாள். காய்ச்சலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் தூங்கவில்லை. கால் விழுந்த அன்று உன் கையைச் சொன்னேன். இன்றைக்கு ஆறு வயசுப் பிள்ளையின் கையைச் சொல்லிவிட்டேன். என் கையை மட்டும் சொல்ல எனக்கு வரவில்லை.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் யாரும் கேட்காமலே, “நாந்தான் சொறிஞ்சிட்டேன்” என்கிறாள். பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தபோதும் அதையே சொன்னாள். நான் கட்டை அவிழ்க்க உட்கார்ந்தால், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். விரல் வெளுத்துப்போகும்வரை எடுக்க மாட்டாள். கையை எடு மக்கா, வலிக்கும் என்றால், எடுத்தால் சொறிந்துவிடுவேன் என்கிறாள்.

நேற்று முடியவில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு, “நீ சொறியல மக்கா. அம்மதான் மண்ணு வச்சேன். அதனாலதான் கால் இப்பிடி ஆச்சு. தப்பு அம்ம மேல” என்றேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். எனக்கு ஆறுதல் சொல்லுகிற குரலில் சொன்னாள்: “பொய் சொல்லாதம்மா. டாக்டர்ட்ட நீதான சொன்ன, நான் சொறிஞ்சிட்டேன்னு. டாக்டர்ட்ட யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?”

மறுபடி சொன்னேன். அவள் அப்பாவும் சொன்னார். ஷரீபா பீவியும் வந்து சொன்னாள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். நாங்கள் அவள்மேல் பிரியத்தில் சொல்லுகிறோமாம்.

நாக்பூரில் ஒரு சித்தி இருக்கிறாள், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். சித்தி சொன்னால் நம்புவாயா என்று கேட்டேன். சித்தி எழுதினால் நம்புவேன் என்றாள்.

அவளுக்கு எழுது வள்ளி. என் பெயர் போடாமல் அவள் பெயர் போட்டு அனுப்பு. நான் படித்துக் காட்டினால், நானாகச் சேர்த்துச் சொல்லுகிறேன் என்பாள், அதனால் அவளே படிக்க வேண்டும். மண்ணை வைத்தது அம்மாதான் என்று நேராகவே எழுது, என்னைக் காப்பாற்றி எழுதாதே. சின்னச் சின்ன வார்த்தையாக இருக்கட்டும். பெரிய எழுத்தாக எழுது, இப்போதுதான் அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

அக்கா
முத்துமாரி